மா வீழ்ந்தது

(அழகர்கோவில், பழமுதிர்சோலை கந்த சஷ்டி விழாவின் ஐந்தாம் நாள் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்

   

கந்த சஷ்டி நாட்களில் முருகப்பெருமானுடைய வீரத்தைப் பேசுவது மரபு. சூரபன்மன் கடல் நடுவே மாமரமாகி நின்றான். பெருமான் விடுத்த வேல் அம்மரத்தை இரு கூறாக்கியது. ஒரு கூறு மயிலாயிற்று. மற்றொரு கூறு சேவலாயிற்று. இக்கதையைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நாளைச் சூரசங்காரத்தில் கண்ணாலும் காணப் போகிறீர்கள். ஆகையால் அடியேன் இன்று அக்கதையை விரிக்கப் போவதில்லை. அக்கதையிலிருந்து இரண்டே இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "மா வீழ்ந்தது" என்பவை அச்சொற்கள்.

இவ்விரண்டு சொற்களும் தமிழ் இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டாக வழங்குபவை. மா என்றால் மாமரம். மா என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்று ஒருவன் ஓடிவந்து சொன்னால், வீழ்ந்தது மரமா, விலங்கா? கேட்டவனுக்குத் தெரியாது, சொன்னவனோ தெளிவாகச் சொல்லவில்லை. இது சிறிய ஐயந்தானே என்று நினைக்கலாம். இத்தகைய ஐயம் ஒன்றினால் ஒரு வீட்டில் ஏழு வயதுக் குழந்தை இரண்டு நாள் அழுதது. அழச் செய்தவன் வேறு யாரும் அல்லன். உங்கள் முன் நிற்கும் அடியேன்தான். அதனைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன் நாம் நிற்கும் இம்மலையையே சற்றுச் சுற்றிப் பார்ப்போம்.

மலையே ஓர் அகராதி

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இம்மலை இருக்கிறது. அடிவாரத்தில் அழகர் எழுந்தருளியிருக்கிறார். மலைமேல் நம் முருகன் இருக்கிறான். மதுரை நகரின் நடுவிலோ சொக்கநாதப் பெருமான் அங்கயற்கண்ணியோடு வீற்றிருக்கிறார். இம்மூன்று பெயர்களையும் பாருங்கள். அழகர் என்றால் அழகுடையவர். முருகு என்றாலும் அழகு. சொக்கர் என்றாலும் அழகர். வடமொழியில் சுந்தரேசுவரர் என்கிறோம். சொற்கள் மூன்று, பொருள் ஒன்று. பல சொல் ஒரு பொருள் என்று இலக்கணத்தார் கூறும் வகைக்கு மதுரை மண்ணே சான்றாக நிற்கிறது. அரியும் சிவனும் வேறு வேறு என்று வழக்காடுவோர் இம்மலையடிவாரத்தில் ஒரு நாழிகை நின்று இப்பெயர்களை எண்ணிப் பார்த்தால் வழக்குத் தீர்ந்துவிடும்.

இனி இதன் மறுபுறத்தைப் பாருங்கள். சொல் ஒன்று, பொருள் பல. முருகு என்னும் சொல்லுக்கு இளமை, மணம், அழகு, தேன், விழா, முருகவேள் என்று நிகண்டுகள் பொருள் கூறும். கேட்டவுடன் திகைப்பாக இருக்கும். இளமைக்கும் தேனுக்கும் என்ன உறவு? மணத்திற்கும் விழாவிற்கும் என்ன உறவு? வைகறையில் நந்தவனத்திற்குச் சென்று அப்பொழுது அலர்ந்த ஒரு பூவைப் பாருங்கள். அதனிடத்தில் இளமை இருக்கிறது, மணம் இருக்கிறது, அழகு இருக்கிறது, உள்ளே தேன் இருக்கிறது. அதைத் தொடுத்துச் சாத்தினால் விழா. சாத்தப் பெறுபவன் முருகன்! பொருள்கள் பலவாயினும் எல்லாம் ஒரே பூவின் இதழ்கள். திரு.வி.க. அவர்கள் 1925-ஆம் ஆண்டில் எழுதிய நூலுக்கு 'முருகன் அல்லது அழகு' என்று பெயரிட்டது இவ்வுறவு கண்டே.

இத்தலத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். பழமுதிர்சோலை என்கிறோம். இதனைப் பழம் முதிர் சோலை என்று பிரித்தால் பழங்கள் முற்றிக் கனிந்த சோலை. பழம் உதிர் சோலை என்று பிரித்தால் பழங்கள் உதிர்கின்ற சோலை. இரண்டு விதமாகப் பிரித்தாலும் சேர்த்து எழுதும்போது எழுத்து ஒன்றே. கிளையில் இருக்கும் பழம் ஒருவன் கண்ணுக்குத் தெரிகிறது. தரையில் கிடக்கும் பழம் மற்றொருவன் கண்ணுக்குத் தெரிகிறது. முதிர்ந்த பழந்தானே உதிரும்! ஆகவே இருவரும் ஒரே மரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னும் மேலே ஏறினால் ராக்காயி அம்மன் சந்நிதியும் நூபுர கங்கையும் வருகின்றன. ஐப்பசித் தைலக்காப்பின்போது அழகர் எழுந்தருளித் தீர்த்தமாடும் புனிதநீர் அது. அதன் தமிழ்ப் பெயர் சிலம்பாறு. பரிபாடலிலும் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிலும் இப்பெயர் வருகிறது. சிலம்பு என்பதற்குக் காலில் அணியும் அணி என்பது ஒரு பொருள். மலை என்பது மற்றொரு பொருள். திருமால் உலகளந்து திருவடியை உயர்த்தியபோது பிரமன் அதனை நீராட்ட, அவருடைய சிலம்பின் வழியே வழிந்த நீர் இது என்று தலபுராணம் கூறும். நூபுரம் என்னும் வடசொல்லுக்குச் சிலம்பு என்பதே பொருள். சிலம்பு மலையாயின், சிலம்பாறு என்பது மலையாறு. ஒருவர் திருவடியை நினைக்கிறார். ஒருவர் மலையை நினைக்கிறார்.

இவ்விரு பொருளுக்கும் அடியில் வேறொன்று இருக்கிறது. சிலம்புதல் என்றால் ஒலித்தல். நடந்தால் கால்அணி ஒலிக்கிறது. கூப்பிட்டால் மலை எதிரொலிக்கிறது. இறங்கிவரும் ஆறும் ஒலித்துக்கொண்டே வருகிறது. ஒலி என்னும் வேரிலிருந்து இரண்டு கிளைகள் எழுந்தன என்று கொள்வது பொருந்தும். வேரைக் கண்டவனுக்குக் கிளைகளின்மேல் சண்டை இல்லை.

ஒரு மரத்துக் கிளையா? இரு மரமா?

அன்பர்களே! பல பொருள் தரும் சொற்கள் எல்லாம் இப்படி ஒரு வேரிலிருந்து எழுந்தவையா என்றால், அல்ல. இங்கே இரண்டு வகை உண்டு. முருகு, சிலம்பு போன்றவை ஒரே மரத்தின் கிளைகள். மா என்பதோ அப்படிப்பட்டதன்று. மாமரமாகிய மா வேறு. விலங்காகிய மா வேறு. இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் பழைய கணக்கின் மா வேறு. பணியாரம் செய்யும் மா வேறு. தனித்தனியே முளைத்த மரங்கள் அடுத்தடுத்து வளர்ந்து கிளைகள் பின்னிக்கொண்டால், தூரத்திலிருந்து காண்பவனுக்கு ஒரே மரம்போலத் தோன்றும். அருகில் சென்று அடிமரத்தைப் பார்த்தால்தான் வேறு வேறு என்பது புலப்படும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிப் பாருங்கள். மா என்னும் எழுத்தைப் பலமுறை தனித்தனித் தலைப்பாக்கி எண்ணிட்டு வைத்திருப்பார்கள். வெவ்வேறு மரம் என்பதற்கு அடையாளம் அது. ஒரே தலைப்பின்கீழ் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொருள்களை அடுக்கியிருந்தால் அவை ஒரு மரத்துக் கிளைகள். மேனாட்டிலும் இவ்வாராய்ச்சி உண்டு. பிரெஞ்சு அறிஞர் மிசேல் பிரேயால் 1897-இல் வெளியிட்ட சொற்பொருள் நூலில், ஒரு சொல் பழைய பொருளை விடாமலே புதிய பொருளையும் ஏற்றுப் பெருகுவதைத் தனிப்பெயரிட்டு விளக்கினார்.

நம் தமிழில் இவ்வாராய்ச்சி மிகப் பழையது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் உரியியலில் ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாதலையும், பல சொல் ஒரு பொருளுக்கு உரியனவாதலையும் எடுத்தோதுகிறார். கடி என்னும் ஒரே உரிச்சொல்லுக்குக் காவல், கூர்மை, விரைவு, அச்சம், புதுமை, சிறப்பு என்று பல பொருள்கள் உண்டு. பின்வந்த நன்னூலார் அதற்குப் பதின்மூன்று பொருள்களை எண்ணிச் சொல்கிறார். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல் பல பொருள் பற்றியதே. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் பொருள் தெரிந்தும் தெரியாமலும் அத்தொகுதியை உருப்போட்டார்கள். அடியேனும் உருப்போட்டவன்தான். உருப்போட்டது நாவில் நின்றது. நெஞ்சில் இறங்க நெடுங்காலம் ஆயிற்று.

இத்தனை பொருளில் எதைக் கொள்வது? அதற்குத் தொல்காப்பியர் மூன்று திறவுகோல்களைத் தருகிறார். வினை, இனம், சார்பு என்பவை அவை.

மா பூத்தது என்றால் பூத்தல் என்னும் வினை மாமரத்தைக் காட்டிவிடுகிறது, விலங்கு பூக்காது. மாவும் மருதும் வளர்ந்தன என்றால், உடன் நிற்கும் மருத மரமாகிய இனம் மாமரத்தைக் காட்டிவிடுகிறது. போர்க்கவசம் பூண்டு நிற்கும் வீரன், மா கொண்டுவா என்று ஏவினால், மாம்பழம் பறித்து வருபவன் மூடன். வீரனுடைய கோலமாகிய சார்பு, குதிரையைக் குறித்தான் என்று உணர்த்திவிடுகிறது.

ஆனால் மா வீழ்ந்தது என்றால்? மரமும் வீழும், விலங்கும் வீழும். வினை உதவவில்லை. இனமும் அருகில் இல்லை. சார்பும் தெரியவில்லை. அப்பொழுது என் செய்வது? அவ்விடத்தில் கடமை கேட்பவனுக்கு இல்லை, சொல்பவனுக்கே உரியது. தான் கருதிய பொருள் இன்னது என்று தெரித்துச் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. மாமரம் வீழ்ந்தது என்றோ, விலங்குமா வீழ்ந்தது என்றோ விளங்கச் சொல்ல வேண்டும். இவ்விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடியேன் தவறியது இவ்விடத்தில்தான்.

சுட்ட பழம்

இம்மலையில் ஔவைப் பிராட்டியார் நாவல் மரத்தடியில் வந்து நின்ற கதையை இங்குள்ள சிறு பிள்ளையும் சொல்லும். மற்ற இடங்களில் ஆடி, ஆவணியில் பழுக்கும் நாவல் இங்கே ஐப்பசியில், சஷ்டியை ஒட்டிப் பழுக்கும் என்று இவ்வூரார் கூறுவர்.

வழிநடந்து களைத்த மூதாட்டி, மரத்தின்மேல் இருந்த மாடு மேய்க்கும் சிறுவனிடம் பழம் கேட்கிறார். சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று சிறுவன் வினவுகிறான். பழத்தில் சுட்டது ஏது, சுடாதது ஏது? ஆயினும் சிறுவனிடம் அறியாமையைக் காட்டிக்கொள்ள விரும்பாமல், சுட்ட பழமே கொடு என்கிறார். கிளையை உலுக்குகிறான். பழங்கள் மணலில் உதிர்கின்றன. பிராட்டியார் ஒன்றை எடுத்து மண் போக ஊதுகிறார். பாட்டி, பழம் மிகவும் சுடுகிறதோ என்கிறான் சிறுவன்!

தமிழின் எல்லை கண்டவருக்குச் சுடு என்னும் சொல்லின் பொருள் தெரியாதா? நன்றாகத் தெரியும். நெருப்பினால் சுடுதல் என்னும் ஒரு பொருளில் அவர் நின்றார். ஊதித் தின்பதனால் சுட்டதுபோல ஆகும் என்னும் ஒப்புமைப் பொருள் அவருக்குத் தோன்றவில்லை. அச்சொல் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இக்காலத்துப் பிள்ளைகள் பிறர் பொருளைக் களவாடுவதையும் சுட்டுவிட்டான் என்கிறார்கள். அவர்களிடம் சுட்ட பழம் கேட்டால் எந்தத் தோப்புப் பழம் வரும் என்று அடியேன் அறியேன்!

கதையின் கருத்து இதுதான். கல்வி ஒரு பொருளில் நம்மைக் கட்டிப்போடும். எனக்குத் தெரிந்த பொருளே பொருள் என்னும் இறுமாப்பு எழும்போது, மரத்தின்மேல் ஒரு சிறுவன் இருக்கிறான் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்க் கடவுளே சிறுவனாக வந்து ஔவையாருக்கு உணர்த்தினான். அடியேனுக்கு உணர்த்தியவளும் ஒரு சிறுமிதான்.

பாசம் என்ற சொல்

நம் சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்று பொருள்களைக் கூறுகிறது. இம்மூன்றும் பல பொருள் ஒரு சொற்களே. பதி என்றால் தலைவன், அது வடசொல். பதி என்றால் ஊர். அது பதிதல் என்னும் தமிழ் வினையிலிருந்து வந்தது. இவை இரு வேறு மரங்கள். பசு என்றால் நம் வீட்டு ஆவினம்; சித்தாந்தத்தில் கட்டுண்ட உயிர். கட்டப்பட்டிருப்பது என்னும் ஒப்புமையால் வந்தமையின் இது ஒரு மரத்துக் கிளை. பாசம் என்றால் கயிறு. உயிரைக் கட்டும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்களைச் சித்தாந்தம் பாசம் என்றது. தாய் பிள்ளையிடத்து வைக்கும் அன்பையும் உலகம் பாசம் என்றது. எல்லாம் கயிறு என்னும் ஒரே வேரிலிருந்து எழுந்தவைதாம்.

அடியேனுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். ஆசிரியரிடம் சித்தாந்த நூல்களைப் பாடம் கேட்டு முடித்த புதிது. மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஐந்து நாள் சொற்பொழிவு. முதல் நாள் முப்பொருள் இயல்பை முழங்கினேன். பாசம் அறுந்தாலன்றிப் பதியை அடைதல் இல்லை என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். கூட்டம் கலைந்தபின், கோயிலுக்குப் பூத்தொடுக்கும் மூதாட்டி ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். இடுப்பில் சாய்ந்தபடி ஒரு சிறுமி நின்றாள்.

"சாமி, பாசத்தை அறுத்தாத்தான் ஆண்டவனைப் பார்க்கலாம்னு சொன்னீங்களே. இது என் பேத்தி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. இவமேல உசிரையே வச்சிருக்கேன். அந்தப் பாசத்தையும் அறுக்கணுமா?" என்று கேட்டார்.

அன்பர்களே! அவர் கேட்ட கேள்வி, எந்த மா வீழ்ந்தது என்னும் கேள்வி. அடியேன் நின்று விளக்கியிருக்க வேண்டும். புறப்படும் அவசரம், கற்றோம் என்னும் செருக்கு. "பாசம் எதுவானாலும் அறத்தான் வேண்டும், அம்மா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வண்டியேறினேன்.

மறுநாள் மூதாட்டி வரவில்லை. மூன்றாம் நாள் மாலை, பூக்கூடையோடு அச்சிறுமி மட்டும் வந்தாள். தலை வாரப்படவில்லை. கண்கள் வீங்கியிருந்தன. கூடையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னம்மா என்று கேட்டேன்.

"அப்பத்தா எங்கூடப் பேச மாட்டேங்குது. பக்கத்துல படுக்க விடமாட்டேங்குது. கேட்டா, பாசம் வைக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாம். நான் என்ன தப்புப் பண்ணினேன் சாமி?"

அன்று சொற்பொழிவில் என்ன பேசினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. இரவே மதுரைக்கு வந்து, விடிந்ததும் ஆசிரியர் திருமுன் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, மா வீழ்ந்தது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். எந்த மா என்று சொன்னாயா?" என்றார்.

"இல்லை, ஐயா."

"அந்த அம்மையார் சொன்ன பாசம் அன்பு. நீ சொன்ன பாசம் மலம். இரண்டும் கயிறுதான். பசுவைக் கொட்டிலில் கட்டி வைப்பதும் கயிறு. கிணற்றில் வீழ்ந்தவனை மேலே தூக்குவதும் கயிறு. கயிறு என்ற பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக, தூக்கும் கயிற்றை அறுத்துவிட்டு வந்திருக்கிறாயே! அன்பையே சிவமாகக் கண்ட திருமூலர் நெறியில் வந்தவனுக்கு இது அடுக்குமா? கண்ணப்பர் தம் கண்ணை இடந்து அப்பியது எதனால்? தாய் தந்தை இல்லாத பேறுடைய பெருமானே காரைக்காலம்மையாரை அம்மையே என்று அழைத்தது எதனால்?"

சற்று நிறுத்தி மேலும் சொன்னார்: "எனது என்று இறுக்குவது கட்டு. இவளுக்கு என்று நெகிழ்வது அன்பு. பேத்தியிடம் நெகிழ்ந்த நெஞ்சுதான் நாளைப் பெருமானிடமும் நெகியும். போ. எந்த அவையில் சொன்னாயோ அந்த அவையிலேயே சொல்."

நான்காம் நாள் அந்த அவையில் அடியேன் தவற்றை அடியேனே எடுத்துரைத்தேன். மூதாட்டியை ஆள்விட்டு அழைத்து வந்திருந்தார்கள். தூணருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்பு வேறு, மலம் வேறு என்று சொல்லி முடித்த அளவில், விருட்டென எழுந்து வெளியே போனார். வீட்டில் தனியே இருந்த பேத்தியைத் தேடிப் போனார் என்று பின்னர் அறிந்தேன். சொற்பொழிவு முடியும்வரை திரும்பவில்லை. எத்தனையோ அவைகளில் எத்தனையோ பேர் பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள். எழுந்து போனது கண்டு அடியேன் மகிழ்ந்தது அந்த ஒருநாள்தான்.

வினை, இனம், சார்பு

அன்பர்களே! ஒரு சொல்லைக் காக்கும் திறவுகோல்கள் மூன்று என்று முன்னே சொன்னேன். அம்மூன்றின் பெயர்களையும் இப்பொழுது மறுபடி நினைத்துப் பாருங்கள். அவையே பல பொருள் ஒரு சொற்கள்!

வினை என்றால் இலக்கணத்தில் வினைச்சொல். சமயத்தில் நாம் செய்யும் நல்வினை, தீவினை. இனம் என்றால் இலக்கணத்தில் உடன் வரும் சொல். வாழ்க்கையில் நாம் சேரும் கூட்டம். சார்பு என்றால் இலக்கணத்தில் சொல் நிற்கும் சூழல். சித்தாந்தத்தில் உயிர் பற்றி நிற்கும் பற்றுக்கோடு. திருவள்ளுவரும் மெய்யுணர்தல் அதிகாரத்தில் ஒரே குறளில் சார்பு என்னும் சொல்லை இரண்டு பொருளில் ஆள்கிறார். பற்ற வேண்டிய மெய்ப்பொருளும் சார்பு. விட வேண்டிய பற்றும் சார்பு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்ட தேவர் மரபு, உயிரைச் சார்ந்ததன் வண்ணமாவது என்று கூறும். படிகத்தைச் செம்பருத்தியின் அருகில் வைத்தால் சிவக்கிறது. நீல மலரின் அருகில் வைத்தால் நீலமாகிறது. தனக்கென்று ஒரு நிறம் காட்டாது. அடியேனுக்குத் தோன்றுவது என்னவென்றால், உயிரும் ஒரு பல பொருள் ஒரு சொல். தனித்து நின்றால் அதன் பொருள் விளங்காது. ஆணவத்தைச் சார்ந்தால் நான், எனது என்று பொருள்படுகிறது. அடியார் கூட்டமாகிய இனத்தில் நின்றால் தொண்டு என்று பொருள்படுகிறது. திருவருளைச் சார்ந்தால் சிவம் என்று பொருள்படுகிறது.

மா வீழ்ந்தது என்று தொடங்கினோம். நாளை இங்கே வீழப்போகும் மா எது? சூரன் மாமரமாய் நின்று வீழ்கிறான்; ஆகவே அது மரம். அவனுடைய தம்பியரோ யானை முகத்துத் தாரகனும் சிங்கமுகனும். அவர்களும் அப்போரில் வீழ்ந்தவர்கள். ஆகவே விலங்குமாவும் வீழ்ந்தது. வேறெங்கும் ஐயமாய் நிற்கும் சொல், முருகனுடைய திருமுன் வந்தால் இரு பொருளிலும் உண்மையாகிவிடுகிறது! வீழ்ந்த சூரனும் அழியவில்லை. பகைமையைச் சார்ந்து நின்றவன் பெருமானைச் சார்ந்தான். மயிலென்றும் சேவலென்றும் புதிய பொருள் பெற்றான். சார்பு மாறியது, பொருள் மாறியது.

ஆகவே உங்களிடம் அடியேன் வேண்டுவன இரண்டு. வீட்டிலும் வீதியிலும் ஒருவர் சொல்லிய சொல் உங்கள் நெஞ்சைச் சுட்டால், உடனே சினவாதீர்கள். எந்தப் பொருளில் சொன்னீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள். எத்தனையோ உடன்பிறந்தார் பேச்சு நின்றுபோனது ஒரு சொல்லின் இரண்டாம் பொருளினால்தான். இரண்டாவது, நீங்கள் சொல்லும்போது எளியவருக்கு விளங்கும்படி தெரித்துச் சொல்லுங்கள். இம்மலையின் வாயிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் காவல் இருக்கிறார். படி என்றாலும் பொருள் பல: ஏறும் படி, அளக்கும் படி, கற்கும் படி. ஆனால் அப்படியின்முன் சத்தியம் செய்ய நிற்பவன் இரண்டு பொருளில் பேசத் துணிவதில்லை. அந்த அச்சம் நமக்கு எல்லா இடத்திலும் இருக்கட்டும்.

இன்று இறங்கிப் போகும்போது, வழியில் நாவற்பழம் ஏதேனும் உதிர்ந்து கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஊதித் தின்னுங்கள். வீட்டிற்குப் போனவுடன் பேரனோ பேத்தியோ ஓடிவந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். அது அறுக்க வேண்டிய கயிறு அன்று. அந்த அணைப்பை அப்படியே முருகன் திருவடியில் கொண்டுபோய்ச் சேர்க்கப் பழகுவோமாக.

எல்லாச் சொல்லும் எப்பொருளில் தொடங்கினும் அவன் திருப்பெயரில் முடிவதாகுக.

திருச்சிற்றம்பலம்